மூக்கு போன கதை: வாசகி கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

லாக்டவுன் சமயத்துல நீங்க எழுதினது எல்லாத்தையும் அப்பவே படிச்சவ நான். இப்ப கொரோனாவப் பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் "ஐயோ அத விடு"ன்னு எழுந்து போயிடுறாங்க, அதான் உங்களுக்கு எழுதுறேன். என் பேர் மட்டும் போடாதீங்க.

2021ல எனக்கு வந்துச்சு. காய்ச்சல் நாலு நாள்தான், ஆக்சிஜன் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, ஆனா வாசனை சுத்தமா போயிடுச்சு. எல்லாருக்கும் போகுது வருதுன்னு சொன்னாங்க, எனக்கும் சில வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கூத்தே. ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒருநாள் காலைல காபிய வாய்கிட்ட கொண்டு போறேன், சாக்கடை நாத்தம். வெங்காயம் வதக்கினா ரப்பர் எரியுற மாதிரி. டூத்பேஸ்ட், சோப்பு, ஷாம்பூ எல்லாமே அதே நாத்தம். வீட்டுக்காரர் குளிச்சிட்டு பக்கத்துல வந்து நின்னா எனக்கு குமட்டும், அவருகிட்ட எப்படி சொல்றது. மாமியார் "சமைக்கிறதுக்கு டிமிக்கி குடுக்குறா"ன்னு போன்ல யாருகிட்டயோ சொன்னது என் காதுலயே விழுந்துச்சு.

இப்ப முக்கால்வாசி சரியாயிடுச்சு. ஆனா பையன் தலைய மோந்து பாத்தா மட்டும் ஒண்ணுமே தெரியல. அப்ப கைக்குழந்தை, இப்ப ஸ்கூலுக்கு போறான்.

இன்னொண்ணு. அதே அலைல எங்க நாத்தனார் வீட்டுக்காரர் போயிட்டாரு. ஆஸ்பத்திரிக்கு நடந்து போன மனுஷன், திரும்பி வரல. அவரோட ஒரு சட்டைய துவைக்காம கவர்ல போட்டு வச்சிருந்தாங்க. ஒருநாள் அத எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டி "இன்னும் அவரு வாசனை இருக்கா பாரு"ன்னாங்க. எனக்கு ஒரு மண்ணும் தெரியல. "இருக்கு அண்ணி"ன்னு சொல்லிட்டேன்.

இது ஏன் இன்னும் முழுசா சரியாகல? இத்தன பேர் செத்திருக்கும்போது மூக்குக்காக அழுறது அசிங்கம் இல்லையா? அண்ணிகிட்ட உண்மைய சொல்லணுமா? முடிஞ்சா பதில் போடுங்க.

ஒரு வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

நடுக் கேள்விய முதல்ல எடுத்துக்கிறேன். அசிங்கம் எல்லாம் ஒண்ணும் இல்ல.

அந்த ரெண்டு வருஷத்துல நம்ம எல்லாருமே ஒரு வரிசை போட்டு வச்சிருந்தோம். செத்தவங்க, வெண்டிலேட்டர்ல இருந்தவங்க, ஆக்சிஜன் வச்சவங்க, கடைசியா "லேசா வந்து போச்சு" கோஷ்டி. டாக்டருங்க லேசானதுன்னு சொன்னது ஆக்சிஜன் தேவைப்படல, ஆஸ்பத்திரி தேவைப்படலங்கிற கணக்குல, அந்தக் கணக்குல மூக்குக்கு இடமே கிடையாது. ஆனா வீட்ல என்ன ஆச்சு, லேசுன்னு எழுதினப்புறம் நீங்க லேசாத்தான் இருக்கணும்னு எதிர்பாத்தாங்க. உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்குப்படி 2020, 2021 ரெண்டு வருஷத்துல மட்டும் வழக்கத்த விட அதிகமா செத்தவங்க கிட்டத்தட்ட ஒண்ணரை கோடி, அந்த நம்பர் முன்னாடி நின்னுகிட்டு எனக்கு காபி நாறுதுன்னு யாரால வாய் திறக்க முடியும், அதனால உங்கள மாதிரி லட்சக்கணக்கானவங்க வாய மூடிகிட்டாங்க. துக்க வீட்ல போய் பல்வலியப் பத்தி பேசக் கூடாதுன்னு ஒரு நாகரிகம் இருக்கு, ஒத்துக்கிறேன். அந்த துக்க வீடு வருஷக்கணக்கா நடந்தா பல்ல என்ன பண்றது?

எனக்கும் போச்சு, 2020 கடைசில. ரூம்ல தனியா இருந்தேன், சாப்பாட்டுத் தட்ட கதவுக்கு வெளிய வச்சிட்டு தட்டிட்டு ஓடிப் போவாங்க. எனக்கு போனது உடனே தெரியல, சாப்பாடு ஏன் இப்படி அட்டை மாதிரி இருக்குன்னு சமைச்சவங்க மேல கோவமா வந்துச்சு. அப்புறம் சந்தேகம் வந்து யூகலிப்டஸ் தைல பாட்டில திறந்து மூக்குகிட்ட வச்சேன். சில்லுன்னு ஏறுது, கண்ணு கூட லேசா கலங்குது, ஆனா வாசனை இல்ல. வெறும் சில்லு மட்டும். அது கொடுத்த பயம் காய்ச்சல் கூட கொடுக்கல, ஏன்னா பாட்டில்ல தைலம் இருக்குன்னு மூக்குக்கு தெரியுது, என்ன தைலம்னு மட்டும் தெரியல. அந்த சில்லுப்பும் எரிச்சலும் முகத்துல ஓடுற முப்பிரிவு நரம்பு வழியா வர்ற தொடு உணர்ச்சியாம், வாசனைக்கு வேற நரம்பு, அது மட்டும்தான் படுத்துகிச்சு. இத நான் அப்புறமா படிச்சுத் தெரிஞ்சிகிட்டது. எனக்கு ஒரு மாதிரி திரும்பி வந்துடுச்சு, உங்களுக்கு வந்த நாத்தக் கட்டம் எனக்கு வரல, அதனால உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்னு சொல்ல மாட்டேன்.

மூக்கு போறதுக்கும் கொரோனாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஒத்துக்கவே நேரம் ஆச்சு. பிரிட்டன்ல காது மூக்கு தொண்டை டாக்டருங்க சங்கம் 2020 மார்ச்லயே இது அறிகுறியா இருக்கலாம், கவனிங்கன்னு சொன்னாங்க, அங்க அரசாங்கம் அத லிஸ்ட்ல சேத்தது மே 18ஆம் தேதி. அதுவரைக்கும் காய்ச்சலும் இருமலும் இல்லாம மூக்கு மட்டும் போனவங்க ஒண்ணுமில்லைன்னு நினைச்சு நடமாடிக்கிட்டு இருந்தாங்க. அந்த வருஷக் கடைசில இன்னொரு கூத்து நடந்துச்சு, ஆன்லைன்ல வாசனை மெழுகுவத்தி வாங்கினவங்க "வாசனையே இல்ல, ஏமாத்துறாங்க"ன்னு ஒத்தை ஸ்டார் போட்டுத் திட்டுறது கூடிடுச்சுன்னு ஒருத்தங்க கணக்கெடுத்து கிராஃபே போட்டாங்க. குறை மெழுகுவத்தியிலதான்னு எல்லாரும் நம்பியிருக்காங்க பாருங்க. நான் சமையல் மேல கோவப்பட்ட மாதிரியேதான்.

சரி, ஏன் சரியாகலைன்னு கேட்டீங்க. மூக்குக்குள்ள மேல, கண்ணுக்கு நடுப் பக்கமா, ஒரு சின்ன இடத்துலதான் வாசனை நரம்பு செல் எல்லாம் இருக்கு. வைரஸ் அந்த நரம்பையே சாப்பிட்டுடுச்சோன்னு ஆரம்பத்துல எல்லாரும் பயந்தாங்க. ஹார்வர்டுல சந்தீப் ராபர்ட் தத்தாவோட குழு 2020 ஜூலைல சொன்னது வேற. வைரஸ் உள்ள நுழைய ஒரு கதவு வேணும், ஏசிஇ-2ன்னு ஒரு புரதம், அது நரம்பு செல்லுல இல்ல, நரம்ப சுத்தி நின்னு தாங்கிப் பிடிச்சு சோறு போடுற துணைச் செல்லுலதான் இருக்கு. அடி விழுந்தது அதுக்கு. அது சீக்கிரம் வளந்துடும், அதனாலதான் பல பேருக்கு சில வாரத்துல வாசனை திரும்புச்சு. சில பேருக்கு துணைச் செல் போன கையோட நரம்பும் சேந்து கெட்டுப் போச்சு. ஆனா இந்த நரம்புக்கு ஒரு விசேஷம், உடம்புல மத்த நரம்பு மாதிரி இல்லாம இது அடியில இருக்கிற ஸ்டெம் செல்லுல இருந்து வாழ்நாள் பூரா புதுசு புதுசா முளைக்கும். முளைச்சா மட்டும் போதாது, மூளைக்கு வயர் இழுத்து சரியான இடத்துல சொருகணும், மனுஷனுக்கு சுமார் 400 வகை வாசனை ஏற்பி, அதாவது வாசனைய பிடிக்கிற புரதம், இருக்கு, எல்லாம் அவனவன் இடத்துல போய் உக்காரணும். பாதி வந்து பாதி வராம, அங்கங்க மாறி சொருகினா மூளைக்கு வர்ற சேதி குழம்பிடும். அதனாலதான் போய், திரும்பி வந்து, அப்புறமா நாறுது. உங்களுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு வந்ததும் கணக்கா பொருந்துது. டாக்டருங்க பல பேர் இத நரம்பு திரும்ப முளைக்கிறதுக்கு அடையாளமாத்தான் பாக்குறாங்க, அனுபவிக்கிறவங்களுக்கு அது ஆறுதலா இருக்காதுன்னு எனக்குத் தெரியும்.

உங்க மாமியார்கிட்ட காட்டுறதுக்கு ஒண்ணு சொல்றேன். இங்கிலாந்துல ரீடிங் யுனிவர்சிட்டில ஜேன் பார்க்கர்னு ஒரு விஞ்ஞானி, காபி வாசனைய மிஷின்ல விட்டு ஒவ்வொரு மூலக்கூறா பிரிச்சு, இந்த மாதிரி நாத்தப் பிரச்சினை இருக்கிறவங்கள ஒண்ணொண்ணா மோந்து பாக்க விட்டாங்க. காபில நூத்துக்கணக்குல மூலக்கூறு இருக்கு, எல்லாமே நாறல. கந்தகம் கலந்தது மாதிரி குறிப்பிட்ட சில மூலக்கூறு வந்தப்பதான் மூஞ்சிய சுளிச்சிருக்காங்க, அதுல முக்கியமான ஒண்ணு மத்தவங்களுக்கு நல்ல வறுத்த காபி வாசனையா தெரியுறது. அந்த ஆய்வு 2022ல வெளிவந்துச்சு. வெங்காயம், பூண்டு, வறுத்தது, பொரிச்சது, முட்டை, டூத்பேஸ்ட்னு உலகம் பூரா இந்தப் பிரச்சினை உள்ளவங்க சொல்ற லிஸ்டும் உங்க லிஸ்டும் ஒண்ணுதான். டிமிக்கி குடுக்கிறவங்க எல்லாரும் ஒண்ணு கூடிப் பேசி ஒரே லிஸ்ட் எழுத முடியாதுல்ல.

இத்தன வருஷம் கழிச்சும் பாக்கி இருக்குன்னா, 2022 டிசம்பர்ல டியூக் யுனிவர்சிட்டிக்காரங்க வாசனை திரும்பாதவங்க மூக்குல இருந்து துளி சதை எடுத்துப் பாத்தாங்க, வைரஸ் போயிடுச்சு ஆனா எதிர்ப்பு செல்கள் இன்னும் அங்க டேரா போட்டு சண்டை போட்டுக்கிட்டு இருக்கு, நரம்பு செல்லும் கொறைச்சலா இருக்கு. சின்ன ஆய்வுதான். ஆனா உங்க கற்பனை இல்லங்கிறதுக்கு அது போதும்.

பண்ண முடிஞ்சது ஒண்ணு இருக்கு, வாசனைப் பயிற்சி. ஜெர்மனில தாமஸ் ஹம்மல்னு ஒரு டாக்டர் 2009லயே, அதாவது கொரோனாவுக்கு ரொம்ப முன்னாடி, இத சோதிச்சுப் பாத்தவரு. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, நாலே வாசனை. காலைல ஒருதடவ, ராத்திரி ஒருதடவ, ஒவ்வொண்ணையும் பத்து இருபது செகண்டு மெதுவா மோந்து பாக்கணும், குறைஞ்சது மூணு மாசம். பஞ்சுல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு சின்ன மூடி போட்ட பாட்டில்ல வச்சிக்கலாம், எண்ணெய மூக்குக்குள்ள விடவே கூடாது. மோந்து பாக்கும்போது போன நோண்டாம அந்த வாசனைய மனசுல கொண்டு வரப் பாருங்க, எலுமிச்சம்பழத்த நகத்தால கீறினா பீச்சி அடிக்குமே, விரல் பிசுபிசுக்குமே, அத. பல பேருக்கு பலன் இருக்கு, எல்லாருக்கும் இல்ல. செலவும் கம்மி, ஆபத்தும் கிட்டத்தட்ட இல்ல, அதனால பண்ணிப் பாருங்கன்னு தைரியமா சொல்லுவேன். ஸ்டீராய்டு மாத்திரை, யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பின கசாயம், இதெல்லாம் சொந்தமா ஆரம்பிக்க வேண்டாம்.

பையன் தலை வாசனை. இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, பொய் சொல்ல மாட்டேன். கைக்குழந்தை வாசனை யாருக்குமே கொஞ்ச காலம்தான், அது இருந்த நேரத்துல உங்க மூக்கு இல்ல. அது போனது போனதுதான். அதுக்கு அழுதா அழுங்க, இத்தனை பேர் செத்தாங்களேன்னு சாக்கு சொல்லிக்கிட்டு அழாம இருக்க வேண்டாம். இப்ப அவனுக்கு வேற வாசனை இருக்கும், வேர்வையும் பென்சில் சீவலும் ஸ்கூல் பேக்குக்குள்ள மறந்துபோன டிபன் பாக்ஸும், அதுல எது முதல்ல உங்களுக்குத் தெரியுதுன்னு பாருங்க. டிபன் பாக்ஸாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்.

இப்ப அண்ணி விஷயம். கடிதத்துல இதக் கடைசில எழுதியிருக்கீங்க, ஆனா இதுக்குத்தான் மெயிலே போட்டீங்கன்னு எனக்குப் படுது. மூக்குக்கு ஒரு குணம் இருக்கு, ஒரே வாசனைய திரும்பத் திரும்ப மோந்தா பழகிப் போய் தெரியாமப் போயிடும், நம்ம வீட்டு வாசனை நமக்கே தெரியாதே, அதே கதை. அவங்க அந்தக் கவர எத்தனை தடவ திறந்து மூஞ்சிய புதைச்சிருப்பாங்க. அவங்க மூக்கு பழகியிருக்கும், ஐயோ போயிடுச்சோன்னு பயம் வந்திருக்கும், அதனாலதான் வேற ஒரு மூக்க தேடி உங்ககிட்ட வந்திருக்காங்க. மூடின கவர்ல இருந்த துவைக்காத சட்டை, வாசனை இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால நீங்க சொன்னது தப்பான தகவல்னு கூட உறுதியா சொல்ல முடியாது, தெரியாமலே உண்மையச் சொல்லியிருக்கலாம்.

சொல்லணுமான்னா, கட்டாயம் இல்ல, ஆனா இத்தன வருஷம் உங்களுக்குள்ள அரிச்சிருக்கே, அதனால சொல்லிடுங்கன்னுதான் என் அபிப்பிராயம். சட்டையில இருந்து ஆரம்பிக்காதீங்க. உங்க மூக்குல இருந்து ஆரம்பிங்க, காபில இருந்து, வீட்டுக்காரர் சோப்புல இருந்து, அவங்க தம்பியப் பத்திங்கிறதால சிரிக்கக் கூட செய்வாங்க. அந்தப் பேச்சுல சட்டை தானா வரும், வந்தா அப்ப எனக்கு எதுவுமே தெரியல அண்ணின்னு சொல்லுங்க, மூக்கு பழகிப் போற கதையையும் சேத்து சொல்லுங்க. ஊரே அந்த நாட்கள மறந்துட்டு நடக்குது, அவங்ககிட்ட அதப் பேச ஆள் இருக்கான்னே எனக்கு சந்தேகம். கோவப்பட்டாலும் படட்டும், பேச்சு நடக்குமே.

இன்னும் ஒரு விஷயம், இதத் தள்ளிப் போடாதீங்க. வாசனை முழுசா வரலைன்னா கேஸ் கசிஞ்சாலும், பால் கெட்டுப் போனாலும் உங்களுக்குத் தெரியாமப் போகலாம். கேஸ் கசிவ கண்டுபிடிக்கிற அலாரம் ஒண்ணு அடுப்புகிட்ட மாட்டுங்க, புகை அலாரமும் மாட்டினா நல்லது, ஃப்ரிட்ஜ்ல வைக்கிற டப்பா மேல தேதி எழுதி ஒட்டுங்க, சந்தேகமா இருந்தா பையன மோந்து பாக்கச் சொல்லுங்க. மூக்குல ஒரு பக்கம் மட்டும் அடைப்போ ரத்தமோ இருந்தா கொரோனா தலைல போட்டுட்டு உக்காராம காது மூக்கு தொண்டை டாக்டர பாருங்க. போகும்போது எது எது நாறுது, எது தெரியவே இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, அங்க போய் உக்காந்தா பாதி மறந்துடும்.

அன்புடன்,
அக்கா