தமிழ்ப் பெயர்களை உலாவி எண்ணும் விதம்: ஒரு வாசகரின் கேள்விக்கு விடை

கேள்வி: எங்கள் தளத்தின் பதிவுப் படிவத்தில் பெயருக்கு 20 எழுத்து வரம்பு வைத்திருக்கிறோம். தமிழில் பெயர் எழுதுபவர்களுக்குப் பெட்டி பாதியிலேயே நின்றுவிடுகிறது. முகப்புப் படத்துக்குப் பதிலாக வட்டத்துக்குள் முதலெழுத்தைக் காட்டும் இடத்தில் கோமதிக்கு ‘க’ என்று வருகிறது. ‘மணி’ என்ற பெயரைச் சரிபார்ப்பு விதி ஏற்க மறுக்கிறது. மூன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டுமா?

விடை: மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். நாம் ஓர் எழுத்து என்று படிக்கும் உயிர்மெய்யை, உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் யூனிகோட் முறை பெரும்பாலும் இரண்டு குறியீடுகளாக வைத்திருக்கிறது. ‘கோ’ என்பது ககரமும் அதன் உயிர்க்குறியும் சேர்ந்தது. ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும் சேர்ந்தது. உலாவியில் இயங்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் நீளத்தைச் சொல்லும் லெங்த் பண்பு இக்குறியீடுகளை எண்ணுகிறதே தவிர எழுத்துகளை எண்ணுவதில்லை. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 3 என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் 5 வருகிறது. ‘கிருஷ்ணமூர்த்தி’ என்ற 8 எழுத்துப் பெயருக்கு 15 வருகிறது. படிவப் பெட்டிக்கு நீள வரம்பு வைக்கும் மேக்ஸ்லெங்த் பண்பும் இதே கணக்கைத்தான் பின்பற்றுகிறது. எழுத்துச் சரத்தை விரிப்புக் குறியால் (மூன்று புள்ளிகள்) அணியாக்கினால், அதாவது உறுப்புகளின் வரிசையாகப் பிரித்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது எமோஜிகள் சிலவற்றுக்கு உதவும், தமிழுக்கு உதவாது, ஏனெனில் அங்கும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி உறுப்புகளாகவே பிரிகின்றன.

இதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டில் சேர்க்கப்பட்ட கருவி இன்ட்ல் என்னும் பொருளுக்குள் இருக்கும் செக்மென்டர். மொழிக் குறியீடாகத் தமிழையும், எந்த அலகில் பிரிப்பது என்று சொல்லும் கிரானுலாரிட்டி விருப்பத்துக்கு ‘கிராஃபீம்’ (படிப்பவர் ஓர் எழுத்தாகக் காணும் அலகு) என்ற மதிப்பையும் கொடுத்து அதை ஒரு முறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் புதிதாக உருவாக்குவது வீண் செலவு. அதன் செக்மென்ட் செயற்கூற்றுக்குப் பெயரை அனுப்பி, வருவதை அணியாக்கி, அந்த அணியின் நீளத்தை எடுத்தால் எழுத்து எண்ணிக்கை கிடைக்கும். குரோமில் 2020 முதலும், சஃபாரியில் 2021 முதலும் இது உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் 2024இல்தான் வந்தது. பழைய பதிப்புகளைக் கருதி, செக்மென்டர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அழையுங்கள்.

எண்ணுவதற்கு முன் நார்மலைஸ் செயற்கூற்றை ‘என்எஃப்சி’ வடிவத்துடன் இயக்கிவிடுங்கள்; ஒரே எழுத்தைப் பல விதமாக எழுதியிருந்தாலும் அது ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒப்பிட்டால் பொருந்தா. தேடலில் கோமதி கிடைக்கவில்லை என்ற புகார் பின்னாளில் வந்தால், இதையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள்.

மேக்ஸ்லெங்த் பண்பை நீக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, பயனர் எழுத எழுத உள்ளீட்டை வெட்டும் நிரலை எழுதத் தோன்றும். அதைச் செய்யவே வேண்டாம். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் எழுத்து உருவாகிக்கொண்டிருக்கும்போதே மதிப்பை மாற்றினால், பாதி உருவான எழுத்து சிதையும். வரம்பு மீறியதைப் பெட்டியின் கீழே செய்தியாகக் காட்டி, சமர்ப்பிக்கும்போது தடுத்தால் போதும். சேவையகத்திலும் இதே முறையில் எண்ணுங்கள். தரவுத்தளப் பத்தி குறியீடுகளை எண்ணுவதாயின் 20 எழுத்துக்கு 60 இடம் தாராளம். பைட்டுகளை எண்ணுவதாயின், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும் என்பதால், 180 வேண்டும்.

வட்டத்துக்குள் காட்டும் முதலெழுத்துக்குச் செக்மென்டர் தரும் முதல் துண்டை எடுத்தால் கோமதிக்குக் ‘கோ’ சரியாக வந்துவிடும். ஆனால் ஸ்ரீதருக்கு ‘ஸ்’ மட்டுமே வரும், ஏனெனில் யூனிகோடின் பொது விதி ‘ஸ்ரீ’யையும் ‘க்ஷ’வையும் இரு துண்டுகளாகவே பிரிக்கிறது. முதல் துண்டு புள்ளியில் முடிந்தால் அடுத்த துண்டையும் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு நிபந்தனை எழுதுங்கள். ஒருவருடைய பெயரை மெய்யெழுத்தோடு அறுத்து அவருக்கே காட்டுவதை அழகியல் குறையாக மட்டும் நான் பார்ப்பதில்லை, அது பிழை.

சரிபார்ப்பு விதியில் நீங்கள் யூனிகோட் பண்பு ‘எல்’ மட்டும் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது எழுத்து வகையைக் குறிக்கும். புள்ளியும் உயிர்க்குறிகளும் ‘எம்’ என்னும் குறி வகையைச் சேர்ந்தவை. ‘மணி’யில் மகரமும் ணகரமும் தேறி, கடைசிக் குறி தடுக்கப்படுகிறது. இரண்டு பண்புகளையும் ஒரே சதுர அடைப்புக்குள் சேர்த்து, விதியை யூனிகோட் முறையில் இயக்கும் ‘யு’ கொடியும் இருக்கிறதா என்று பாருங்கள். அக்கொடி இல்லையேல் பண்புக் குறியீடு வேலை செய்யாது. ‘சு. கோமதி’ என்று தலைப்பெழுத்தோடு எழுதுவது நம் வழக்கமாதலால், முற்றுப்புள்ளியையும் இடைவெளியையும் அதே அடைப்புக்குள் அனுமதியுங்கள்.