பெர்மிட்டே வேண்டாத ஆட்டோவுக்கு 40,000 ரூபாயா?

கேள்வி: சென்னை வியாசர்பாடியில் 11 வருடமாக எல்பிஜி ஆட்டோ ஓட்டுகிறேன். வண்டியும் பெர்மிட்டும் என் பேரில்தான் இருக்கின்றன. எலக்ட்ரிக் ஆட்டோ வாங்க நினைக்கிறேன். வண்டி வாங்கி விற்றுக் கொடுக்கும் கன்சல்டிங்காரர் பெர்மிட்டுக்குத் தனியாக 40,000 ரூபாய் கேட்கிறார். 3 லட்சம் கடன், 'நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிதான்' என்கிறார். பழைய வண்டியையும் அவரே எடுத்துக்கொள்வாராம். பேட்டரி பாதியில் போய்விடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் நீங்கள் பேட்டரியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், எனக்கு அந்தக் கன்சல்டிங்காரரைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. 'ஆபீஸில் கவனிக்க வேண்டியிருக்கும்' என்று கன்சல்டிங்காரர் இழுப்பார். அறிவிப்பு வெளியிடுகிற அரசு அதை ஆட்டோ ஸ்டாண்டு வரை கொண்டு சேர்த்திருந்தால் இவருக்கு இந்தப் பிழைப்பே இருக்காது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விலக்கு பெர்மிட்டுக்குத்தான். பதிவு உண்டு, எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, லைசென்ஸும் வேண்டும். 'கரண்டு வண்டிக்கு எதுவும் வேண்டாம்' என்ற பேச்சு, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சின்ன ஸ்கூட்டர்களால் வந்தது. அதை நம்பி இன்சூரன்ஸைப் புதுப்பிக்காமல் ஆட்டோ ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வாங்கப்போகும் வண்டியின் நம்பர் பிளேட் பச்சை, அதில் எழுத்து மஞ்சள். அப்படியென்றால் அது வாடகை வண்டி. இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்து நடந்தால் நஷ்ட ஈடு உங்கள் தலையில்தான் விழும். திரும்பவும் சொல்கிறேன்: பெர்மிட் மட்டும்தான் இல்லை.

அடுத்து அந்த 'ஒரு ரூபாய் வட்டி'. 3 லட்சத்துக்கு 3 வருடம், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் என்று கணக்குப் போட்டால் வட்டி மட்டும் 1,08,000. நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வருவீர்கள், வட்டியை மட்டும் கடைசி வரை முழு 3 லட்சத்துக்கும் போடுவார்கள். உண்மையில் அது வருடத்துக்கு 21 சதவீதம். குறையும் அசலுக்கு 12 சதவீதம் என்றால் வட்டி 59,000-க்குள் முடிந்துவிடும். 'குறையும் அசலுக்கு எத்தனை சதவீதம்?' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 என்று 2013-ல் மீட்டர் கட்டணம் வைத்துவிட்டு, அதை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டவர்கள் நம்மை ஆளுகிறவர்கள். அந்த வருமானத்தில் 21 சதவீத வட்டி கட்ட முடியுமா?

எல்பிஜி ஆட்டோவுக்கு பெர்மிட் வேண்டுமே, பழைய வண்டியை அவர் கேட்பது உங்கள் பெர்மிட்டுக்காக. அதற்குத் தனி விலை உண்டு, நாலு இடத்தில் விசாரியுங்கள். விற்றால் ஆர்சியை முறைப்படி பெயர் மாற்றித்தான் கொடுக்க வேண்டும், பெர்மிட்டை மாற்ற ஆர்டிஓ அனுமதியும் வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 'அப்புறம் மாத்திக்கலாம்' என்பார், விடாதீர்கள். ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது.

சரி, பேட்டரி. லித்தியம் பேட்டரியா, எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் வாரண்டி என்று கம்பெனிக் காகிதத்தில் பாருங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, உங்கள் ஒரு நாள் ஓட்டத்துக்கு மிச்சம் போதுமா என்று பாருங்கள். பேட்டரி இல்லாமலும் வண்டி விற்கிறார்கள். விலை குறைவாகச் சொன்னால், பேட்டரியும் சேர்த்தா என்று முதலில் கேளுங்கள்.

வாடகை வீடு என்றால், வண்டிக்கு அட்வான்ஸ் கட்டும் முன் வீட்டில் சார்ஜ் போடுவது பற்றி வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். ஒரு நாளைக்கு 8 யூனிட், மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாத பில்லில் 400 யூனிட் கூடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் சலுகை குறைந்து பில் எகிறும். அவர் சம்மதிக்காவிட்டால், பக்கத்தில் சார்ஜ் போட இடம் கிடைக்கும்வரை வண்டியை புக் செய்யாதீர்கள்.