கப்பி வால் கிழிவது டைகர் பார்பால்தான்

மீன் தொட்டியில் கப்பி மீன்களின் வால் ஏன் கிழிகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் டைகர் பார்ப் மீன்களைப் பிரித்துவிடுங்கள். 60 லிட்டர் தொட்டியில் 3 டைகர் பார்பும் 6 கப்பியும் என்றால் வால் கிழியத்தான் செய்யும்.

பார்ப் கூட்டமாக வாழும் மீன். எட்டுப் பத்து இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். மூன்றே இருந்தால் மெதுவாக நீந்தும் கப்பியின் நீண்ட வால்மீது பாயும். அதற்காக இன்னும் ஐந்து பார்ப் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், பாவம், கப்பிகள் தாங்காது. தொட்டியும் போதாது.

ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வாலில் துண்டு துண்டாகக் குறைந்திருந்தால் கடி. ஓரம் வெளுத்து நைந்திருந்தால் வால் அழுகல் நோய்; அப்போது தண்ணீரில் அம்மோனியாவை (மீன் கழிவால் சேரும் நச்சு) சோதியுங்கள், 0 இருக்க வேண்டும். இல்லையென்றால் குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள்.

அப்புறம், கப்பியில் பெண் இருந்தால் புது மீன் எதுவும் சேர்க்க வேண்டாம். குட்டிகளே தொட்டியை நிரப்பிவிடும்.