தத்துவம் படிக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூவில் கணக்கு, அறிவியல் படிக்கிறேன். பி.ஏ. தத்துவம் சேர ஆசை. அப்பா "மூணு வருஷம் வீணாப் போகும்" என்கிறார். சித்தப்பா, சாமியாராகப் போறியா என்று கிண்டல் செய்கிறார். எங்கே சேர்வது, எப்படித் திட்டமிடுவது? (ஒரு மாணவி, கும்பகோணம்)

பதில்: சித்தப்பாவை விடுங்கள். அப்பா கேட்பது நியாயமான கேள்வி, அதற்குக் கோபப்படாமல் பதில் சொல்லத் தயாராகுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. மலையில் புகை தெரிகிறது, அதனால் அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் பார்த்திருக்கிறோமே. மணிமேகலைக் காப்பியத்தில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதைப் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். அதோடு விடவில்லை. தெரிவது ஆவியா பனியா என்ற சந்தேகமே தீராதபோது, அதைப் புகை என்று வைத்துக்கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவது பிழை என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது "அப்படியானால் எது சரியான ஏது?" என்று அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறதா? சேருங்கள். கொட்டாவி வந்தால், நீங்கள் தேடுவது மன ஆறுதலாக இருக்கலாம், தப்பில்லை, ஆனால் அதற்குப் பட்டம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இளங்கலையில் தத்துவம் உள்ள கல்லூரிகள் குறைவு. சென்னையில் மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி இரண்டையும் முதலில் பாருங்கள். குடியரசுத் தலைவராக இருந்த தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன் கிறித்தவக் கல்லூரியில் படித்து, 1909இல் மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தவர். உறவினர் ஒருவரின் பழைய பாடப்புத்தகங்கள் சும்மா கிடைத்ததால்தான் தத்துவம் எடுத்தார் என்பார்கள். (உங்கள் காரணம் அதைவிடத் தேவலை.) டெல்லிப் பல்கலைக்கழகம் என்றால் 2022 முதல் கியூட் (CUET) என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

சேர்ந்தபின் முதல் வருடம் தருக்கவியலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பலர் அதை வேண்டாத பாடமாக நினைத்துக் கடைசி வாரம் உருப்போடுவார்கள், அப்புறம் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் வரும்போது முழிப்பார்கள். வாதங்களைக் கணக்குபோலக் குறிகளால் எழுதிச் சரிபார்க்கும் குறியீட்டுத் தருக்கம், கணக்கு படித்த உங்களுக்குச் சுலபம், அங்கே உங்கள் கை ஓங்கும். வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள்: ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூமோ பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனரோ சொன்ன ஒரு வாதத்தை உங்கள் தமிழில், மேற்கோள் இல்லாமல், கீழே அதற்கு உங்களால் முடிந்த வலுவான மறுப்பு. அந்த மறுப்பு சப்பையாக இருந்தால் வாதமே உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள். பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் இப்போதிருந்தே தினம் நாலு பக்கம் ஆங்கிலம் வாசித்துப் பழகுங்கள். நோட்ஸ் மட்டும் வாங்கி மனப்பாடம் செய்தால் அப்பா சொன்னபடி மூன்று வருடம் வீண்தான்.

வேலை? தத்துவப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் கேட்டு வாங்கும் கம்பெனி எதுவும் இல்லை, இதை அப்பாவிடம் மறைக்காதீர்கள். பள்ளி ஆசிரியர் வேலையை நம்பியும் இதை எடுக்க வேண்டாம். மூன்று வருட சட்டப்படிப்புக்கு எந்தப் பட்டமும் போதும், வாதம் செய்து பழகியவர்களுக்கு அது இயல்பான வழி. எம்.ஏ. முடித்தால் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதலாம், அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய். குரூப் 2 போன்ற தேர்வுகளுக்கும் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் சரி. இரண்டாம் வருடம் முடிவதற்குள் இதில் ஒன்றைத் தேர்ந்து அப்பாவிடம் தேதியோடு சொல்லுங்கள், பாதி சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: ஐ.ஏ.எஸ். எழுதுவதற்காகவே மகனை பி.ஏ. தத்துவம் சேர்க்கலாமா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: அதற்காக மட்டும் என்றால் வேண்டாம். மெயின்ஸில் விருப்பப் பாடமாகத் தத்துவம் எடுக்க அதில் பட்டம் இருக்க வேண்டும் என்று விதி இல்லை, இன்ஜினியர்களும் எடுக்கிறார்கள். 1,750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500, 2013இல் வந்த அறவியல் தாளுக்கு 250. பாடத்திட்டமும் சின்னது, அதனால்தான் இந்த மவுசு. மகனுக்கு என்ன பிடிக்கும் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே சார், அவரிடம் கேட்டீர்களா?