செஞ்சோற்றுக் கடன் யாருக்கு?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறேன். 60 பேர் வேலை பார்க்கிறார்கள். எட்டு வருடம் என்னிடம் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போகும்வரை பார்த்துக்கொள்பவர்) இருந்தவன், மாதம் 85,000 வாங்கியவன், 15,000 கூடக் கிடைக்கிறது என்று பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டான். 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனபோதுகூட நான் யாரையும் நிறுத்தவில்லை. மூன்று மாதம் பாதிச் சம்பளம் போட்டேன், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இவனோ பாக்கி வேலையெல்லாம் 11 பக்கம் எழுதி டேபிளில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ரொம்ப நாள் திட்டம் போலிருக்கிறது. இரண்டு வருடம் திருப்பூரில் வேறெங்கும் சேரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். டிகிரி சர்டிபிகேட் ஒரிஜினல் என்னிடம்தான் இருக்கிறது. இவ்வளவு சம்பளம் கொடுத்துவிட்டு விசுவாசத்தை எதிர்பார்ப்பது தப்பா?

– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: ஐயா, முதலில் அந்த சர்டிபிகேட்டைக் கொடுத்தனுப்புங்கள். அது அவர் படித்து வாங்கியது, உங்களிடம் அடகு வைத்ததல்ல. (கடிதம் முழுக்க நீங்கள் ‘அவன்’ என்கிறீர்கள். எனக்கு ‘அவர்’ என்றுதான் எழுத வருகிறது.)

எழுதி வாங்கிய பேப்பரும் நிற்காது. ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறது. வேலையில் இருக்கும்போதே போட்டிக் கம்பெனிக்கு உழைக்காதே என்று நீங்கள் தடுக்கலாம். வேலையை விட்ட பிறகு தடுக்க முடியாது. 1980இலேயே உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உங்கள் காஸ்டிங் ஷீட்டையோ (விலைக் கணக்குத் தாள்) சரக்கு வாங்கும் பையரின் டிசைனையோ அவர் தூக்கிக்கொண்டு போயிருந்தால் அது வேறு வழக்கு. அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை.

நீங்கள் எழுதாத இன்னொன்று கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகிறவருக்குத் தரும் பணிக்கொடை. எட்டு வருடம் முடித்திருக்கிறார். வருடத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கு. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 42,500 என்று வைத்தால், அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் 8ஆலும் பெருக்க 1,96,154 ரூபாய் வரும். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். விலகிய 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டிய பணம் அது.

இனி விசுவாசத்துக்கு வருவோம். ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செஞ்சோற்றுக் கடன் என்றதும் கர்ணன் ஞாபகம் வந்துவிடும். ஆனால் கர்ணன் மாதச் சம்பளத்துக்கு இருந்தவனில்லை. சபை நடுவே குலம் கேட்டு அவமானப்படுத்தியபோது துரியோதனன் எழுந்து அங்க நாட்டைக் கொடுத்தான். கர்ணன் கடைசிவரை மறக்காதது நாட்டின் பரப்பளவையல்ல, அது வந்த நேரத்தை. 85,000 என்பது 85,000 பெறும் வேலைக்கான விலை. வேலை நடந்தது, மாதா மாதம் கணக்கு தீர்ந்தது. அதற்கு மேல் ஒரு கடன் பாக்கி நிற்பதாக நினைத்தால் கசப்புதான் மிஞ்சும்.

அமெரிக்கக் கார் கம்பெனி முதலாளி ஹென்றி ஃபோர்டின் கதையும் இதுதான். 1913இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அவர் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் வந்த வேகத்தில் ஓடினார்கள். 1914 ஜனவரியில் நாள் கூலியை இரு மடங்குக்கு மேல் உயர்த்தி 5 டாலர் என்று அறிவித்தார். ஓட்டம் நின்றது. கூடவே, தொழிலாளி வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறான், குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று பார்த்துவர ஆள் அனுப்பினார். 1941இல் அதே ஃபோர்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து சங்கத்தை ஏற்கவைத்தார்கள். சம்பளம் ஆளை நிறுத்தியது. மனசை வாங்கித் தரவில்லை.

அந்த 11 பக்கத்துக்கு வருகிறேன். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த வரி அது. எந்த ஸ்டைலுக்கு லேப் டிப் (சாயத்தின் மாதிரித் துண்டு) அப்ரூவல் வரவில்லை, எந்தச் சாயப்பட்டறையில் துணி நிற்கிறது, எந்த பையர் மெயின் லேபிளை மாற்றச் சொன்னார், எந்த ஷிப்மென்ட் எத்தனாம் தேதி என்றெல்லாம்தானே அதில் இருக்கும்? துரோகம் செய்ய நினைப்பவர் இதையெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாரா? ஒரு மில் ஆபீஸில் இருபது வருடம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். சாவியை மேஜையில் வீசிவிட்டு மத்தியானமே கிளம்பியவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். 11 பக்கம் எழுதி வைத்தவர் ஒருவரும் இல்லை.

அந்த மூன்று மாதமும் அப்படித்தான். அவருக்குப் பாதி என்றால் மாதம் 42,500, மூன்று மாதத்துக்கு 1,27,500. உங்களுக்கு நெருக்கடி வந்தபோது அவர் அந்தப் பணத்தை வட்டியில்லாமல், பத்திரமில்லாமல் விட்டுவைத்தார். அப்போதே அவர் வேறு கம்பெனிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றீர்களே, பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் மனசில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் கேட்கிற விசுவாசம் அந்த மூன்று மாதத்தில் உங்கள் வாசலில்தான் நின்றது. நீங்கள் அதைச் செலவுக் கணக்கில்கூட எழுதவில்லை.

அவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லமாட்டேன். இப்போதைக்கு வரவும் மாட்டார். கிராஜுவிட்டியோடு அந்த 1,27,500ஐயும் சேர்த்து அனுப்புங்கள். மீதி 60 பேரும் பாதிச் சம்பளம் வாங்கியவர்கள்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தர முடியாது, புரிகிறது. அடுத்த சம்பளத்தில் முதல் தவணையைப் போடுங்கள். எத்தனை தவணை, எந்தெந்தத் தேதி என்று எழுதி பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.