கனமான தஞ்சாவூர் ஓவியத்தை எப்படி மாட்டுவது?

கேள்வி: கல்யாணப் பரிசாக வந்த தஞ்சாவூர் ஓவியம், தேக்குச் சட்டமும் கண்ணாடியுமாக நல்ல கனம். ஆணி அடித்து மாட்டினால் தாங்குமா? எந்த உயரத்தில் மாட்டலாம்? – வாசகி, திருச்சி

பதில்: ஆணி வேண்டவே வேண்டாம். உள்சுவரின் சிமென்ட் பூச்சு அரை அங்குலம்தான் இருக்கும், சின்ன ஆணி அதற்குள்ளேயே நின்றுவிடும், நாளாக நாளாகப் பூச்சோடு பெயர்ந்து வரும். டிரில் போட்டு, 8 மி.மீ. பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) செருகி, 2 அங்குல ஸ்க்ரூவைச் செங்கல் வரை இறக்குங்கள். ஒன்று போதாது, ஒரே மட்டத்தில் இரண்டு போட்டால்தான் படம் சாயாமல் நிற்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள், உள்ளே ஒயர் ஓடும். படத்தைத் தொங்கவிட நைலான் கயிறு கட்டினால் நாளடைவில் இழுபட்டுத் தொய்ந்துவிடும், ஸ்டீல் கம்பிதான் நல்லது.

உயரமா? படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 5 அடியில், நிற்பவர் கண்ணுக்கு நேராக இருந்தால் சரி. நிறைய வீடுகளில் கூரையை ஒட்டி மாட்டிவிடுகிறார்கள், அவ்வளவு நுணுக்கமான கல் வேலையும் தங்க ரேக்கும் (மெல்லிய தங்கத் தாள்) யார் கண்ணிலும் படாமல் போகிறதே! பூஜை அறையில் தரையில் உட்கார்ந்து கும்பிடுபவர் என்றால் இன்னும் இறக்கியே மாட்டுங்கள்.

அப்புறம், பாத்ரூமை ஒட்டிய சுவர் மட்டும் வேண்டாம். ஓவியத்தில் மேடாகத் தெரியும் புடைப்பு வேலை சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்தது, ஈரம் ஏறினால் உப்பி உதிரும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் துண்டுகளை ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும்.