ஐந்து நாடு வேண்டாம், ஹாலே போதும்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவர் ஐக்கியத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வரும் மே மாதம் 14 மாணவ மாணவியரை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம். தரங்கம்பாடிக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்க் படித்த ஜெர்மன் நகரமான ஹாலேயையும் லூத்தரின் விட்டன்பர்க்கையும் பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்கு மலையேற்றமும் வேண்டுமாம். டிராவல்ஸ்காரர் 11 நாளில் ஐந்து நாடு என்று பட்டியல் தந்திருக்கிறார். ஜெர்மனியில் ஒரு திருச்சபை தங்க இடமும் கொஞ்சம் பணமும் தருவதாகச் சொல்கிறது. பாதிப்பேருக்கு இதுதான் முதல் விமானப் பயணம். எதில் கவனமாக இருக்கவேண்டும்?

ஜே.

அன்புள்ள ஜே.,

டிராவல்ஸ்காரரின் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். ஐந்து நாடு என்றால் பஸ் ஜன்னலும் செல்ஃபியும்தான் மிஞ்சும். 14 பேர் பெட்டி படுக்கையோடு ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போய்விடும். ஹாலேயிலேயே தங்கிக்கொண்டு சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். லைப்சிக் உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. விட்டன்பர்க் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம்தான்.

ஆனால் படிப்பு அங்கே தொடங்கக்கூடாது, இங்கேயே தொடங்கவேண்டும். உங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி ஒரு டவுன் பஸ் தூரம். 1706 ஜூலை 9 அன்று சீகன்பால்க்கும் புளுட்சாவும் வந்திறங்கிய கரை, 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், பொறையாறு பக்கம் இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் சொல்லும் இடம், எல்லாவற்றையும் நடந்து பார்க்கட்டும். ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், காகிதமும் இங்கே செய்து பார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு வெளிவந்தது அப்படித்தான். இது தெரியாமல் ஹாலேக்குப் போனால் அது இன்னொரு பழைய கட்டடம், அவ்வளவுதான்.

இன்னொரு பயிற்சி, இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். பழைய சுவடியிலும் பழைய அச்சிலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இராது. தமிழ் எம்.ஏ. படிக்கிற பிள்ளைகூட முதல் வரியில் திணறும். சுவடி எப்படி இருக்கும் என்பதற்குத் தஞ்சை சரஸ்வதி மகாலுக்கு ஒரு நாள் போய் வாருங்கள். பிறகு வாரம் ஒரு ஏட்டின் படத்தைப் பிரதி எடுத்து, நாலுபேர் சேர்ந்து உரக்கப் படித்துப் பிரிக்கட்டும். ஹாலேயில் ஜெர்மன் மாணவர்களே தங்கள் பழைய கையெழுத்தைப் படிக்கத் தனியாகப் பழகவேண்டியிருக்கிறது. அங்கே தமிழ் ஏட்டை உங்கள் பிள்ளைகள் வாசித்தால், அவர்கள் வெறும் விருந்தாளிகள் இல்லை.

ஹாலேயில் பிராங்கே என்ற போதகர் தொடங்கிய நிறுவனத்தில் அனாதை இல்லக் கட்டடத்தின் உச்சி மாடியில் பழைய விசித்திரப் பொருட்களின் அறை இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து போன பொருட்களும் அங்கே உண்டு. நூலகமும் ஆவணக்காப்பகமும் தனி. அங்கே நேரே போய் நின்று கேட்க முடியாது. எந்த ஏடு, எந்தக் கடிதம், எத்தனை பேர், என்றைக்கு என்று இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள். 14 பேரையும் ஒரே நேரத்தில் உள்ளே விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டு அணியாகப் பிரியுங்கள். மிஷனரிகளின் அறிக்கைகள் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைக்கின்றன. அவற்றை இங்கேயே பார்த்துவிடலாம், அங்கே போய் நேரம் போக்கவேண்டாம். ஜெர்மனியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் பட்டியல் போடும்போது நினைவில் வையுங்கள். மாணவர்கள் மலையப்பனைப் பற்றியும் படித்துவிட்டுப் போகட்டும். 1714-ல் சீகன்பால்க்கோடு கப்பலேறி ஹாலே வரை போன தமிழர் அவர். அங்கே 1716-ல் அச்சான தமிழ் இலக்கணத்தைப் பேசும்போது இவர் பெயரைச் சொல்லாமல் விடுவது வழக்கமாகிவிட்டது.

இனி விசா. ஷெங்கன் என்பது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா. அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் அதன் விண்ணப்பம் போகவேண்டும், ஆகவே ஜெர்மனி. ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். கடைசி வரம்பை மறந்துவிடுங்கள், மே மாதப் பயணத்துக்குச் சென்னையில் ஏப்ரலில் நேரம் கிடைப்பதே பாடு. பிப்ரவரியில் கொடுங்கள். முதல்முறை போகிறவர்கள் கைரேகைக்கு நேரில் வரவேண்டும், குழுவாக ஒருவர் போய்க் கொடுத்துவிட முடியாது. வழக்கமான கட்டணம் 90 யூரோ. ஆனால் கல்விக்காகப் போகும் மாணவர்களுக்கும் கூடப்போகும் ஆசிரியருக்கும் விசாக் கட்டணமே இல்லை என்று ஷெங்கன் விதியில் இருக்கிறது. கல்லூரி முதல்வரின் கடிதமும் ஹாலேயிலிருந்து கல்வி நிகழ்ச்சி நிரலும் இருந்தால் இதைக் கேட்கலாம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனியாகக் கட்டவேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. முதலாமாண்டில் 17 வயதுப் பிள்ளை இருந்தால் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும்.

விசா மறுக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு விஷயங்களால். விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு தகப்பனார் கணக்கில் திடீரென்று இரண்டு லட்சம் விழுந்திருக்கும், நெல் விற்ற பணமோ நகைக்கடனோ, விளக்கம் இருக்காது. விளக்கக் கடிதத்தையும் ரசீதையும் சேர்த்து வையுங்கள். மற்றது நோக்கம். ஒரு தாளில் கல்விப் பயணம், இன்னொன்றில் ஊழியம், மூன்றாவதில் சுற்றுலா என்று இருந்தால் அதிகாரி எதை நம்புவார்? போகிற காரியம் கல்வி என்றால் எல்லாத் தாளும் அதையே சொல்லட்டும்.

பெயர் விவகாரத்தை இப்போதே பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான், குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் போடுகிறவர் இனிஷியலையோ ஞானஸ்நானப் பெயரையோ அங்கே திணித்துவிடுவார். பெயர் பொருந்தாமல் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரிக் குறியீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே டிக்கெட், காப்பீடு, விசா மூன்றிலும் இருக்கவேண்டும். திருத்தம் வேண்டுமானால் விசாவுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அந்தத் திருச்சபை பணம் தருவதாகச் சொன்னதைப் பற்றி: ஐக்கியத்தின் வங்கிக் கணக்கில் அதை வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ்ப் பதிவும் அதற்கான தனிக் கணக்கும் இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடை வாங்குவது குற்றம், தொகை சிறிதா பெரிதா என்பது பொருட்டில்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் அவர்களே அங்கே நேரடியாகக் கட்டிவிடட்டும்.

மலையேற்றத்துக்கு டிரெஸ்டன் பக்கம் எல்பே ஆற்றை ஒட்டிய மணற்பாறைக் குன்றுகள் போதும். ராட்டன் நிலையத்தில் இறங்கினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குன்று. நடுவே ஒரு படகு. அதைக் காவிரிக்கரைப் பிள்ளைகள் நின்று பார்க்கவேண்டும். நீரோட்டத்துக்கு எதிர்ப்புறம் வெகு தூரத்தில் கட்டிய கம்பி வடம் படகைப் பிடித்திருக்கிறது. படகோட்டி படகைச் சற்றுச் சாய்வாகத் திருப்புகிறார், ஓடுகிற தண்ணீரே அதைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போகிறது. திரும்பி வர எதிர்ச்சாய்வு. கடந்து மேலே ஏறினால் ஆற்றுக்கு 194 மீட்டர் மேலே பாஸ்டை என்னும் பாறை முகடு. மழை பெய்திருந்தால் பாறையில் ஏறவே கூடாது. நனைந்த மணற்பாறை பலமிழந்து உடையும், அதனால்தான் அங்கே தடை. படிக்கட்டுப் பாதையிலும் வழுக்கும். ஷூவை ஊரிலேயே ஒரு மாதம் போட்டு நடந்து பழகட்டும், புது ஷூ முதல் நாளே குதிகாலைக் கொப்பளிக்க வைக்கும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரும்.

ரயிலுக்கு சாக்ஸனி-அன்ஹால்ட் மாநில நாள் டிக்கெட் எடுங்கள், டிரெஸ்டன் வரை செல்லும். ஒன்றில் ஐந்து பேர் வரை போகலாம், ஆக உங்களையும் சேர்த்து 15 பேருக்கு மூன்று. வார நாளில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. ஒவ்வொருவர் பெயரும் டிக்கெட்டில் எழுதியிருக்கவேண்டும். சினேகிதிகள் ஒன்றாக உட்கார வேறு பெட்டிக்குப் போய்விட்டால், பரிசோதகர் வரும்போது கையில் டிக்கெட் இருக்காது. தலைக்கு 60 யூரோ அபராதம்.

சாப்பாட்டு மூட்டையில் நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் கூடாது, ஐரோப்பிய சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படியே. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகக் கொண்டுபோகலாம், ஆனால் புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காதீர்கள். கருவாட்டுக்குச் சட்டத்தில் தடையில்லை. தங்கவைக்கிற வீட்டுக்காரர்களை நினைத்து நாகப்பட்டினத்துப் பிள்ளைகளிடம் நீங்கள்தான் தடைபோடவேண்டும்.